நாலு விசில்

மாணவிகள் போயாயிற்று.
பியூரெட்டில் நீலச்சாயம் மிச்சம் கிடக்கிறது.
கொட்டிக் கழுவி வைப்பதுதான் என் வேலை,
அளப்பது அல்ல.
ஆனாலும் அலமாரிக்குப் பின்னால்
ஈரத்துணியில் நான் ஒளித்துவைத்த சிறுபயறு
மூன்று நாளாய்க் கண்ணை இழுக்கிறது.

முதல் நாள்,
கருங்கல் சந்தையில் வாங்கிய உலர்ந்த மணிகளைப்
பொடித்து, அமிலத்தில் கலக்கி, வடிகட்டி
ஒரு துளி விட்டேன்.
உடனே ரோஸ் நிறம். மாறாமல் நின்றது.
ஒன்றுமில்லை என்பதற்கு
இங்கே அதுதான் நிறம்.

மாவு உண்டு விதையிடம்,
பூட்டிய கிட்டங்கி போல.
வைட்டமின் சி ஏறக்குறைய இல்லை.
வருடக்கணக்கில் வைத்திருக்க முடியாத பொருள்;
காற்றுப் பட்டால் கெடும், சூட்டில் கெடும்.
வேண்டும்போது செய்துகொள்ளலாம் என்று
விட்டுவைத்திருக்கிறது.

பிறகு தண்ணீர்.
மாவு சர்க்கரையாய் உடைகிறது.
பெரும்பங்கு வேருக்கும் மூச்சுக்கும் போக
ஒரு ஓரம் மட்டும் வேறு வழி திரும்புகிறது.
குளுக்கோஸ் மேனோஸ் ஆகி
மேனோஸ் காலக்டோஸ் ஆகி
ஒரு கை இங்கே மடங்கி, ஒரு கை அங்கே திரும்பி
சட்டையைப் புறம் மாற்றிப் போடுவதுபோல.
கடைசிப் படி மட்டும்
செல்லின் மூச்சறையில், அதன் சுவரை ஒட்டி.
இனிப்பு புளிப்பாகிறது.
கெட்டுப்போன புளிப்பல்ல,
செய்த புளிப்பு.
முதல் மூச்சில் கிளம்பும் தீயை அணைக்க
முளை தனக்கென்று செய்துகொண்டது.
நம்மை நினைத்து அல்ல.

டெல்மின் கடலுக்குப் போய் முப்பத்து நான்கு நாள்.
தேங்காய்ப்பட்டணத்தில் ஐஸ் ஏற்றிய அன்று
மூன்று கிலோ சிறுபயறும் இரண்டு துவர்த்தும்
கட்டிக் கொடுத்தேன்.
"சுறாவுக்கு இரையா?" என்றான் கிளீட்டஸ்,
படகின் சமையல்காரன்.
போன தடவை எலுமிச்சை பாதியில் தீர்ந்து
ஐம்பது நாள் கழித்துக் கரை வந்தவன்
பல் தேய்த்துத் துப்பியது சிவப்பு.
வெற்றிலை என்றான்.
அவன் வெற்றிலை போடுவதில்லை.

எங்கள் வீட்டு ஆடு
சர்க்கரையிலிருந்து தனக்கானதைத்
தன் ஈரலிலேயே செய்துகொள்கிறது.
துறைமுகத்தில் மீன்தலைக்கு அலையும் நாயும்தான்.
நமக்கு அந்தச் செய்முறையின் கடைசி வரி
எப்போதோ அழிந்துபோயிற்று.
மற்ற வரிகள் அப்படியே இருக்கின்றன உடம்பில்,
யாருக்கும் பயன்படாமல்.

ஞாயிற்றுக்கிழமை
பக்கத்துப் படகின் போனில் இரண்டு நிமிடம் கிடைத்தான்.
"பயறு நல்லா மொளச்சிருக்கு.
கிளீட்டஸ் குக்கர்ல நாலு விசில் வச்சு
கஞ்சிக்குத் தாறான்."
நாலு விசில்!
பச்சையாய்த் தின்னுங்க என்று நான் கத்தியது
கரகரப்பில் விழுந்ததோ, கடலில் விழுந்ததோ.

இப்போது மூன்றாம் நாள் முளை.
அதே எடை, அதே அமிலம்.
நீலம் விழுகிறது, காணாமல் போகிறது.
இரண்டு. மூன்று.
எங்கோ வாட்ச்மேன் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வருகிறார்.
எட்டு. ஒன்பது.
பத்தாவதும் போயிற்று.
பதினொன்றில்தான் ரோஸ் தங்கியது.

அதோடு கழுவி வைத்திருக்கலாம்.
பையில் இன்னொரு டப்பா இருந்தது,
காலையில் வீட்டில் நானே நாலு விசில் வைத்தது,
தண்ணீரோடு.
அதையும் அரைத்தேன். கை கொஞ்சம் நடுங்கியது.
ஒன்று போயிற்று.
இரண்டு.
மூன்றும் போனபோது வாட்ச்மேன் கதவில் நின்று
"டீச்சர், பூட்டணும்" என்றார்.
நான் டீச்சர் அல்ல. சொல்லவில்லை.
நான்காவது துளி நின்றது.

மூன்று துளி.
கஞ்சித் தண்ணீரைக் கீழே கொட்டாமல்
குடித்துவிடுகிறவன்தான் அவன்.

துணியில் மிச்சமிருந்த முளைகளை
ஒரு பிடி அள்ளி வாயில் போட்டேன்.
ஆய்வகத்தில் எதையும் உண்ணக்கூடாது என்று
சுவரில் எழுதி ஒட்டியிருப்பது
என் கையெழுத்துதான்.